கப்பல் டூருக்குப் பணம் கட்டுகிறவர்கள் முதலில் புக்கிங் நம்பரைக் கையில் வாங்குங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏற யாராவது ஏஜென்டிடம் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் நான்கு பேர், 3,78,000 ரூபாய் கட்டிவிட்டு, கேட்ட அறையும் கிடைக்காமல், கேட்ட ஊரையும் பார்க்காமல் திரும்பி வந்தோம்.

2024 தை மாதம் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அதை ஒட்டி நானும் தம்பியும் அப்பா அம்மாவை எங்காவது அழைத்துப் போவது என்று முடிவு செய்தோம். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு அப்பா யோசிக்கவே இல்லை. "பினாங்கு. கப்பல்ல போகணும்" என்றார்.

காரணம் இருக்கிறது. எங்கள் தாத்தா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினவர். அந்தக் காலத்தில் ரஜூலா கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். தாத்தா கடைசியாகப் போனபோது அப்பாவுக்கு ஆறு வயது. படகு சின்னதாகிக்கொண்டே போனது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தாத்தா இறங்கிய துறைமுகத்தைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை. அதனால் எங்களுக்கு இரண்டு விஷயம் முக்கியம்: கப்பல் பினாங்கில் நிற்க வேண்டும், கேபினில் பால்கனி வேண்டும்.

சித்தப்பா ஒரு டிராவல்ஸ் கடையைச் சொன்னார். பேருந்து நிலையம் பக்கத்தில் ஏசி போட்ட கடை, சுவர் முழுக்கக் கப்பல் படம். நடத்துகிறவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "அக்கா, நீங்க கவலையே படாதீங்க. அப்பா அம்மாவை பால்கனியில உட்கார வெச்சுக் காபி குடுக்குறது என் பொறுப்பு" என்றார். ஏப்ரல் 25, வியாழக்கிழமை சிங்கப்பூரில் கிளம்பும் கப்பல், மூன்று இரவு, பினாங்கில் ஒரு நாள், இரண்டு பால்கனி கேபின், திருச்சியிலிருந்து விமானம், விசா, எல்லாம் சேர்த்து ஜிஎஸ்டி உட்பட 3,60,000. அதற்கு மேல் வெளிநாட்டு டூருக்கான டிசிஎஸ் வரி (டூர் நடத்துகிறவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வருமான வரி) அப்போது 5 சதவீதம், 18,000. வருமான வரிக் கணக்கு காட்டும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார். அது சட்டப்படி சரிதான். அதனாலேயே இவருக்கு விவரம் தெரியும் என்று நம்பிவிட்டேன்.

பொங்கல் கழித்து ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தோம். கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்குப் பணம் வங்கியில் ஏறியதும், மார்ச் முதல் வாரத்தில் மீதி 2,78,000-ஐயும் கட்டிவிட்டோம். உளுந்து எடுத்து முடித்து, மேட்டூர் திறப்பதற்குள் போய் வந்துவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு.

பணம் கட்டியதற்குக் கடைக்காரர் தன்னுடைய லெட்டர்ஹெட்டில் ஒரு தாள் கொடுத்தார். அதில் கப்பலின் பெயர், தேதி, "பால்கனி" என்ற சொல், எல்லாம் இருந்தன. புக்கிங் நம்பர் மட்டும் இல்லை. கேட்டேன். "அது கப்பல் கிளம்ப மூணு நாளைக்கு முன்னாடிதான் வரும்க்கா" என்றார். இது பொய். முன்பணம் கட்டி புக்கிங் உறுதியானதுமே கப்பல் கம்பெனி நம்பரோடு உறுதிச்சீட்டு அனுப்பிவிடும். அதில் பயணிகளின் பெயர், கேபின் வகை, எந்தெந்த ஊரில் கப்பல் நிற்கும், எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு பாக்கி எல்லாம் இருக்கும். பயணத்துக்குக் கிட்டத்தில் வருவது, ஆன்லைனில் செக்-இன் செய்த பிறகு எடுக்கிற போர்டிங் பாஸ். இரண்டும் வேறு வேறு. இந்த ஒரு வித்தியாசம் எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் மார்ச் மாதமே பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது போன் செய்தார். வியாழக்கிழமை கப்பலில் ஏதோ பிரச்சினை, ஞாயிற்றுக்கிழமை 28-ஆம் தேதிக் கப்பலில் மாற்றியிருக்கிறேன், அதே கப்பல், அதே ரூட் என்றார். தம்பி லீவை மாற்றிக்கொண்டான். சரி, மூன்று நாள்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அதே கப்பல்தான். ஆனால் அதே ரூட் இல்லை. ஒரே கப்பல் ஒரு வாரத்தில் ஒரு முறை பினாங்கு போகும், அடுத்த முறை போர்ட் கிளாங் போகும். கப்பலின் பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கிளம்பும் தேதியை வைத்துத்தான் ரூட்டைப் பார்க்க வேண்டும்.

திருச்சியில் ராத்திரி விமானம் ஏறி, கப்பல் கிளம்புகிற அன்றைக்குக் காலையில்தான் சிங்கப்பூரில் இறங்கினோம். தூக்கம் இல்லாமல் மெரினா பே குரூஸ் சென்டருக்குப் போய் வரிசையில் நின்றோம். கவுன்டரில் முதல் சிக்கல் பெயரில் வந்தது. நம் ஊர்ப் பாஸ்போர்ட் பலவற்றில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான். ஏஜென்ட் என்ன செய்திருக்கிறார் என்றால், அப்பாவுக்கு இனிஷியல் எழுத்தை சர்நேம் ஆக்கிவிட்டார், அம்மாவுக்கு அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் இருப்பதும் கப்பல் பட்டியலில் இருப்பதும் ஒன்றாக இல்லை. திருத்தி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா மூட்டுவலியோடு நின்றுகொண்டே இருந்தார். தமிழ்நாட்டு ஆட்களுக்கு டிக்கெட் போடுகிற ஏஜென்ட் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

அப்புறம் கவுன்டரில் இருந்த பெண், தமிழ் பேசுகிறவர், எங்கள் புக்கிங் தாளை அச்சடித்துக் கொடுத்தார். இரண்டும் ஜன்னல் இல்லாத உள் கேபின். நிற்கிற ஊர் போர்ட் கிளாங். புக்கிங் போட்ட தேதி ஏப்ரல் 19. அதாவது நாங்கள் முழுப் பணமும் கட்டி ஆறு வாரம் கழித்து, கப்பல் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, அதுவரை வேறு எதற்கோ சுழற்றிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மிச்சம் இருந்ததில் மலிவான கேபினைப் பிடித்திருக்கிறார். அதையும் அவர் நேராகப் போடவில்லை. தாளில் ஏஜென்ட் என்று இருந்தது நாங்கள் கேள்விப்படாத வேறொரு பெயர்.

பால்கனிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டோம். இடம் இல்லை. பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "இது ஏஜென்ட் போட்ட புக்கிங், மாற்றமோ பணம் திருப்பிக் கொடுப்பதோ அவர் வழியாகத்தான்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அவர்கள் மேல் தப்பில்லை, பெரும்பாலான கப்பல் கம்பெனிகளில் அதுதான் வழக்கம். நம்முடைய பணம், நம்முடைய பயணம், ஆனால் புக்கிங் ஏஜென்டின் கையில். கடைக்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப்.

அப்பா அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "சரி விடும்மா, கடல் ஒண்ணுதானே" என்றார். மூன்று இரவும் நான்கு மணிக்கே எழுந்து மேல்தளத்துக்குப் போய் நின்றுகொண்டிருந்தார். உள் கேபினில் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்றே தெரியாது, அவரால் அங்கே இருக்க முடியவில்லை. போர்ட் கிளாங்கில் கப்பல் நின்றபோது, அதுதான் பழைய போர்ட் ஸ்வெட்டன்ஹாம், 1972-இல்தான் பெயர் மாறியது, தாத்தாவின் கப்பல் பினாங்குக்கு அடுத்து இங்கேதான் வந்து நிற்கும் என்று சொன்னேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது.

கடைசி இரவு கப்பலில் பில் வந்தது. டிப்ஸ் கட்டணம் ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறியிருந்தது, நான்கு பேருக்குச் சேர்த்து 17,000 ரூபாய்க்கு மேல். "எல்லாம் உட்பட" என்றால் எதெது உட்பட என்று எழுதி வாங்க வேண்டும். விசாவுக்கு ஆளுக்கு 6,000 என்று கடைக்காரர் கணக்குப் போட்டிருந்தார், சிங்கப்பூர் அரசு வாங்குவது 30 சிங்கப்பூர் டாலர்தான். சிங்கப்பூர் வருகை அட்டையும் மலேசியாவின் டிஜிட்டல் அட்டையும் இலவசம், அதற்கும் தலைக்கு 500.

ஊருக்கு வந்து கேட்டதற்கு, "கடைசி நேரத்துல கம்பெனி மாத்திட்டாங்கக்கா, நான் என்ன செய்ய" என்றார். ஜூன் மாதம் அப்பாவின் வருமான வரிப் பக்கத்தில் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மார்ச் வரை வசூலித்த டிசிஎஸ் மே 15-க்குள் கணக்கில் காட்டப்பட்டு, அப்பாவின் பான் எண்ணில் ஏறியிருக்க வேண்டும். ஒரு ரூபாய்கூட இல்லை. வரி என்று சொல்லி வாங்கிய 18,000-ஐயும் அவரே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அப்புறம் வக்கீல் மூலம் நோட்டீஸ். நோட்டீஸ் போன இரண்டாவது வாரம் 18,000-ஐத் திருப்பிக் கொடுத்தார், அதோடு நிறுத்திக்கொண்டார். மீதிக்குத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கடை எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஏஜென்டே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கப்பல் கட்டணம் நேராகப் போட்டாலும் ஏஜென்ட் வழியாகப் போட்டாலும் பெரும்பாலும் ஒன்றுதான், ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பது கப்பல் கம்பெனி. போன மாதம் அத்தைக்காகத் திருச்சியில் ஒரு அம்மாவிடம் விசாரித்தேன். அவர் முதலில் கேட்டது பாஸ்போர்ட் நகல். சர்நேம் கட்டத்தைப் பார்த்துவிட்டு எப்படிப் போட வேண்டும் என்று எழுதிக்கொண்டார். அத்தைக்குத் தலைசுற்றல் உண்டா என்று கேட்டு, அப்படியானால் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுங்கள், அங்கே ஆட்டம் குறைவு என்றார். முதல் நாளே சிங்கப்பூர் போய்த் தங்குங்கள், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது என்றார். எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைத் தாளிலேயே காட்டினார். முன்பணம் கட்டிய அன்று மாலையே கப்பல் கம்பெனியின் உறுதிச்சீட்டு அத்தையின் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. அந்த நம்பரைப் போட்டுக் கம்பெனித் தளத்தில் நானே பார்த்தேன்: பெயர், கேபின், ஊர் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு ஏஜென்டிடம் போவதற்கு இதுதான் காரணம், இதற்குக் கொஞ்சம் சேவைக் கட்டணம் கேட்டாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

வழக்கு நடப்பதால் அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்களைப் போலவே லெட்டர்ஹெட் தாளை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்கள் இருந்தால், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். எங்கள் மனுவில் "பால்கனி என் பொறுப்பு" என்று அவர் சொன்னதற்கு இருக்கிற ஒரே சாட்சி, தம்பியின் போனில் தப்பிக் கிடந்த 40 விநாடிப் பதிவுதான்.