73ஆவது றெஜிமென்றின் சிவப்பு: யாழ்ப்பாணத்து விறாந்தையில் ஆறு ஆண்டு வர்ண அனுபவம்

2019ஆம் ஆண்டு லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர், பயணப்பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே பொதிந்து, பெரி மினியேச்சர்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்ரிக் காலாட்படைப் பெட்டிகள் இரண்டையும், 17 மில்லிலீற்றர் துளிப்போத்தல்களில் அடைத்த நீர்சார் அக்கிரிலிக் வர்ணங்கள் இருபத்திரண்டையும் கொண்டுவந்து தந்தார். அன்று முதல் ஏறத்தாழ 28 மி.மீ. உயரமுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றுருவ வீரர்களுக்கு அந்த வர்ணங்களாலேயே சீருடை தீட்டி, அவர்களை மேசைப் போர்விளையாட்டில் சனிக்கிழமை தோறும் நண்பர்களோடு நகர்த்தி வந்திருக்கிறேன். வர்ணத்தின் வணிகப்பெயரை இங்கே நான் எழுதவில்லை. அதன்மீது எனக்குள்ள மனக்குறைகளில் பாதி எங்கள் காற்றுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் உரியவை என்பது நாலாவது ஆண்டில்தான் எனக்கு விளங்கியது.

எந்தப் படையைத் தீட்டுவது என்ற கேள்விக்கு விடை இலங்கை வரலாற்றில் இருந்தே கிடைத்தது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது இத்தீவில் நின்ற ஆங்கிலேயக் காலாட்படைகளுள் ஒன்று 73ஆவது றெஜிமென்ற் என்ற படைப்பிரிவின் முதலாம் பற்றாலியன், அதாவது முதலாம் அணி. அதே ஆண்டு யூன் 18ஆம் திகதி வோட்டர்லூவில் நெப்போலியனுக்கு எதிரே நின்றது அதே றெஜிமென்றின் இரண்டாம் பற்றாலியன். அங்கே அது 30, 33, 69 ஆகிய றெஜிமென்றுகளோடு ஆங்கிலேயத் தளபதி ஹல்கெற்றின் பிரிகேட்டில் இருந்தது. நான்கும் சிவப்பு அங்கி அணிந்தவைதான். ஆனால் கொலரிலும் கைமடிப்பிலும் வரும் முகப்பு நிறம் நான்குக்கும் வேறு வேறு: 30க்கு வெளிர்மஞ்சள், 33க்குச் சிவப்பு, 69க்கு வில்லோ மர இலையின் வெளிர்பச்சை, 73க்குக் கரும்பச்சை. ஒரே சிவப்பின் மேல் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட வர்ணத்துக்குக் கடுமையான சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதற் பன்னிருவரையும் விறாந்தையில் காயவைத்திருந்தபோது பக்கத்து வீட்டுச் சிறுவன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, இவையளே எங்கட கோட்டையைப் பிடிச்ச ஆக்கள்?" என்று கேட்டான். ஓம் என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அது பிழை. ஒல்லாந்தரிடம் இருந்து யாழ்ப்பாணக் கோட்டையை ஆங்கிலேயர் கைப்பற்றியது 1795இல். அந்தக் காலத்து அங்கி மார்பில் திறந்து, பின்னால் நீண்ட வாலோடு தொங்கியது. மார்பை முழுதாக மூடிய குட்டை அங்கி அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. உருளை வடிவ ஷாகோ தொப்பி 1800இல் அறிமுகமானது. முன்பக்கம் உயர்ந்த ஷாகோ ஆங்கிலேயப் படையின் 1812ஆம் ஆண்டுச் சீருடை விதிகளோடு வந்தது. வெப்ப நாடுகளிலோ அகன்ற விளிம்புள்ள வட்டத்தொப்பியையே பலர் அணிந்தார்கள். ஆகவே என் பெட்டியில் இருந்தவர்களை எவ்வளவு கவனமாகத் தீட்டினாலும் அவர்களைக் கோட்டையை ஒட்டிய பண்ணைக் கடலோரத்தில் நிறுத்த முடியாது. வர்ணப் போத்தலைத் திறக்குமுன் உருவத்தின் வெட்டும் தொப்பியும் எந்த ஆண்டுக்கு உரியவை என்று பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பையனின் கேள்விதான் எனக்குப் பழக்கியது.

இனிச் சிவப்பு. முதற் பன்னிருவரையும் போத்தலில் இருந்த பிரகாசமான சிவப்பை அப்படியே பூசி முடித்தேன். அவர்கள் இன்றும் கோயில் திருவிழாக் கடையில் விற்கும் விளையாட்டுப் பொம்மைகளைப் போலவே நிற்கிறார்கள். பிழை வர்ணத்தில் இல்லை. சாதாரண சிப்பாயின் கம்பளி அங்கி ஐரோப்பிய மஞ்சிட்டி வேரால் சாயமிடப்பட்டது. அதிலிருந்து வரும் சிவப்பு சற்றே பழுப்புக் கலந்த செங்கல் நிறம், வெயிலிலும் மழையிலும் அது மேலும் மங்கும். அதிகாரிகளினதும் சார்ஜன்ற்மாரினதும் அங்கிகள் உயர்ந்த துணியில், கொச்சினீல் பூச்சிச் சாயத்தோடு வெள்ளீய உப்புச் சேர்த்துப் பெறப்பட்ட கூர்மையான செந்நிறத்தில் இருந்தன. அதாவது ஒரே அணியில் இரண்டு சிவப்புகள் நிற்க வேண்டும், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கை நீட்டும் தூரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மஞ்சிட்டியின் சிவப்பைக் கண்முன் கொண்டுவர நான் துணைக்கு அழைத்தது எங்கள் ஊரின் சாயவேரை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் சாயவேர் தோண்டுவது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஏகபோக உரிமையாக இருந்தது. துணிகளில் சிவப்பைக் கொடுத்த அந்த வேரிலும் ஐரோப்பிய மஞ்சிட்டியிலும் இருப்பது அலிசரின் என்ற ஒரே சாயப்பொருள். 73ஆவது றெஜிமென்றின் அங்கி எங்கள் வேரால் சிவந்தது என்று நான் சொல்லவில்லை, அது இங்கிலாந்துக் கம்பளி. ஆனால் அலிசரின் சிவப்பு தீயின் சிவப்பு அல்ல, மண்ணோடு உறவுள்ள சிவப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டபின், அடிப்பூச்சுக்குச் செம்பழுப்பு, அதன்மேல் மடிப்புகளின் குழிகளை விட்டுவிட்டு நீர்த்த சிவப்பு இரண்டு தடவை, தோளிலும் முழங்கையிலும் மட்டும் தோல்நிறம் ஒரு துளி கலந்த சிவப்பு என்ற முறைக்கு வந்து சேர்ந்தேன். வெள்ளை கலந்து வெளுப்பாக்கினால் சிவப்பு ரோசா நிறமாகிவிடும். இதை நான் பன்னிரண்டு உருவங்களைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். சார்ஜன்ற்மாருக்குச் செம்பழுப்பு அடிப்பூச்சு இல்லை, நேராகச் சிவப்பிலேயே தொடக்கம். இடுப்புச் சால்வைக்குக் கருஞ்சிவப்பு, அதன் நடுவே முகப்பு நிறத்தில் ஒரு கோடு. வர்ணத்தின் மூடுதிறன் இந்த முறைக்குப் போதுமானது. ஆனால் மஞ்சள் விடயத்தில் அதே சொல்லைச் சொல்ல முடியாது: 30இன் கொலருக்கு நாலு பூச்சுத் தேவைப்பட்டது, அதுவும் கீழே தந்த நிறம் பூசிய பிறகு.

பச்சை எனக்கு அதிக நாளைத் தின்றது. இரசாயனச் சாயங்களுக்கு முந்திய காலத்தில் பச்சைத் துணி பெரும்பாலும் அவுரி நீலத்தையும் தாவர மஞ்சளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிப் பெறப்பட்டது. மஞ்சள் முதலில் வெளிறிப் போவதால் பழைய பச்சைத் துணிகள் இன்று நீலம் தட்டித் தெரிகின்றன. லண்டன் செல்சியில் உள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் மைத்துனர் எடுத்தனுப்பிய படங்களை வைத்து நிறம் கலந்தபோது, 200 ஆண்டு வெளிறலையும் கண்ணாடிப் பெட்டி விளக்கையும் சேர்த்தே நான் பிரதிபண்ணிக்கொண்டிருந்தேன் என்பது பின்னர்தான் உறைத்தது. 1812இன் விதிகளை ஒட்டி, படை அதிகாரியும் ஓவியருமான சாள்ஸ் ஹமில்ரன் சிமித் வரைந்த படங்களும் முகப்பு நிற அட்டவணையும் பேருதவி. ஆனால் அவை கையால் வர்ணம் ஏற்றிய அச்சுகள், பிரதிக்குப் பிரதி பச்சை மாறும். இறுதியில் 73க்குக் கறுப்போடு நெருங்கிய பச்சையும், 69க்கு அதிலிருந்து தயக்கமின்றி விலகி நிற்கும் சாம்பல் கலந்த வெளிர்பச்சையும் என்று நானே தீர்மானித்தேன். துணிக்கடைக்காரர் என் தீர்ப்பை ஏற்பாரா தெரியாது. மேசையில் இரண்டு பற்றாலியன்களையும் யாரும் மாறி எடுப்பதில்லை.

கொடியில் ஒரு சிறு நுணுக்கம். ஒவ்வொரு பற்றாலியனுக்கும் அரசர் கொடி ஒன்று, முகப்பு நிறத்தில் றெஜிமென்ற் கொடி ஒன்று என இரண்டு உண்டு. 69ஆவது றெஜிமென்ற் வோட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்னர், யூன் 16இல், குவாற்றர் பிரா என்ற இடத்தில் நடந்த சண்டையில் தன் அரசர் கொடியைப் பிரெஞ்சுக் குதிரைப்படையிடம் இழந்தது. ஆகவே வோட்டர்லூவுக்கென்று அந்தப் பற்றாலியனைத் தீட்டினால் ஒரு கொடியே இருக்க வேண்டும். நான் தீட்டி வைத்திருந்த இரண்டாவது கொடியைக் கழற்றிய அன்று எனக்கு மனம் கொஞ்சம் கனத்தது உண்மை.

வெள்ளை வார்களைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை: சிப்பாய்கள் அவற்றைக் களிமண் பூசித்தான் வெளுப்பாக்கினார்கள், ஆகவே சாம்பலில் தொடங்கித் தந்த நிறத்தில் முடித்தால் போதும், தூய வெள்ளையை ஓரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காற்றுக்கு வருகிறேன். வைகாசியில் தென்மேல் காற்றான சோளகம் தொடங்கியதும் இந்த வர்ணம் தூரிகையின் நுனியிலேயே காய்ந்து, கோடு இழுக்கும்போது புழுதிபோல் உதிரும். தட்டில் விட்ட துளி ஐந்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரப் பஞ்சு விரித்து, கேக் வேகவைக்கும்போது தட்டில் போடும் தாளை அதன்மேல் பரப்பி, அதில் வர்ணம் கலக்கத் தொடங்கிய பிறகுதான் வேலை நிதானப்பட்டது. 2022இல் மின்சாரம் பதின்மூன்று மணி நேரம் வரை நின்ற நாட்களில், மின்விசிறி இல்லாத வெக்கையிலும் அந்தப் பெட்டிக்குள் வர்ணம் அடுத்த நாள்வரை உயிரோடு இருந்தது. பஞ்சில் பூஞ்சணம் பிடிப்பது ஒரு தொல்லை; இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் குறையும்.

அந்தத் தண்ணீரில்தான் அடுத்த சிக்கல் இருந்தது. குழிகளில் நிழல் ஓட விடும் நீர்த்த பழுப்பு, காய்ந்ததும் சிவப்பு அங்கியின் மடிப்புகளில் வெண்படலம் விட்டது. ஈராண்டுகள் வர்ணத்தையே திட்டினேன். பின்னர் வீட்டுக் கேத்தலின் அடியில் படிந்த வெண்சுண்ணத்தைப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது: சுண்ணக்கல் நிலத்தில் ஊறிய எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கடினம் அது. அதன்பின் வாகனப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டுமே வர்ணத்தில் கலக்கிறேன். படலம் அன்றோடு நின்றது.

விசிறிப் பூசும் அடிப்பூச்சுப் புட்டிகளை விமானத்தில் கொண்டுவர முடியாது. உள்ளூரில் வாகனக் கடையொன்றில் வாங்கிய விசிறி ஒன்றின் கரைப்பான் ஆறு வீரர்களின் முகங்களை மெழுகுபோல் இளக்கிவிட்டது. அன்று முதல் தூரிகையால் பூசும் நீர்சார் அடிப்பூச்சுத்தான். வார்னிஷைப் பொறுத்தவரை, வாடைக்காற்று வீசும் ஈரமான கார்த்திகை, மார்கழியில் மங்கல் வார்னிஷ் பால்போல் வெளிறிவிடுகிறது. பங்குனி, சித்திரையின் வெயில் காலையே அதற்கு உகந்த நேரம். முதலில் பளபளப்பு வார்னிஷ், அது முழுதாய்க் காய்ந்தபின் மங்கல் வார்னிஷ் என்ற ஒழுங்கில் பூசியவை கைபட்டும் தேயவில்லை. வெறும் மங்கல் வார்னிஷ் மட்டும் பூசிய முதலிரண்டு ஆண்டு உருவங்களில் துப்பாக்கிக் கத்தியின் நுனியும் ஷாகோவின் விளிம்பும் பிளாஸ்ரிக்வரை தேய்ந்துவிட்டன.

தூரிகைகளில் செயற்கை நார் வகை இரண்டு மாதத்தில் நுனி கொக்கிபோல் வளைகிறது. வார்கள், பொத்தான்களுக்கு உதவாது. வின்சர் அன் நியூட்டனின் ஏழாம் தொடர் கொலின்ஸ்கித் தூரிகை (கீரிபோன்ற ஒரு சைபீரிய விலங்கின் வால்மயிரால் ஆனது), முதலாம் இலக்கம், நாலாவது ஆண்டிலும் கூர் இழக்கவில்லை. கண் தீட்டவும் அதுவே போதும், அதைவிடச் சிறிய இலக்கத்தில் வர்ணம் நுனிக்கு வருமுன் காய்ந்துவிடும்.

ஆறு ஆண்டின் பின் இருபத்திரண்டு போத்தல்களில் பதினேழு இன்னும் பயன்படுகின்றன. மூன்று தீர்ந்தன, அவற்றில் இரண்டு சிவப்பு. இரண்டு மூக்கடைத்து உள்ளே இறுகிவிட்டன. நிறைய நாள் கிடந்த போத்தல்களில் நிறத்தூளைத் தாங்கும் ஊடகத் திரவம் எண்ணெய்போல் பிரிந்து மேலே நிற்கும்; துருப்பிடிக்காத சிறு உருண்டை ஒன்றை உள்ளே போட்டு ஒரு நிமிடம் குலுக்காவிட்டால் பூச்சு பளபளத்துச் சீருடையைக் கெடுக்கும். நிறம் மாறியது கருஞ்சிவப்பு ஒன்றே: ஜன்னலோர அலுமாரியில் நின்ற சார்ஜன்ற்மாரின் சால்வைகள் வெயில் பட்ட பக்கம் வெளிறின, மறுபக்கம் அப்படியே உள்ளன. ரூபா விழுந்தபின் ஒரு போத்தலுக்கு நான் கொடுத்த விலை முதல் விலையின் இரண்டு மடங்குக்கும் மேல், ஆகவே இப்போது துணை நிறங்களை வாங்குவதில்லை. செம்பழுப்பு, சிவப்பு, அவுரி நீலம், மஞ்சள், கறுப்பு, தந்த நிறம் ஆகிய ஆறில் இருந்தே மற்றவற்றைக் கலக்கிறேன். கலப்பு அளவுகளைக் கொப்பியில் துளிக் கணக்கில் எழுதிவைக்காவிட்டால் அடுத்த மாதம் அதே பச்சை திரும்ப வராது.

பிரகாசச் சிவப்பில் நிற்கும் அந்த முதற் பன்னிருவரையும் மறுபடி தீட்டும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அவர்களை 33ஆவது றெஜிமென்றின் பின்வரிசையில் நிறுத்திவிட்டேன். 30இன் வெளிர்மஞ்சள் கொலர்கள் இன்னும் ஒன்பது மீதி உள்ளன. வாடை தொடங்குமுன் அவற்றுக்கு வார்னிஷ் பூசிவிட வேண்டும்.