உப்பும் மணலும் தின்னும் கரையில்: பழைய ஸ்கார்பியோவும் ஸ்கார்பியோ-என் வண்டியும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடியிலிருந்து தொண்டி வரை கடலோர ஊர்களில் ஏழு பேர் கொண்ட குடும்பம் ஒரே வண்டியில் போக வேண்டும், கொஞ்சம் மோசமான பாதையும் தாங்க வேண்டும் என்றால், பேச்சு மகிந்திரா ஸ்கார்பியோவில்தான் வந்து நிற்கும். அந்தப் பெயரில் இன்று மூன்று வண்டிகள் கைமாறுகின்றன. 2014-ல் புது சேஸிஸோடு வந்த பழைய ஸ்கார்பியோ ஒன்று. 2022-ல் அதே உடம்பில், 132 குதிரைத்திறன் எஞ்சினோடு வந்த கிளாசிக் இன்னொன்று. அதே ஆண்டு ஜூனில் அடியிலிருந்து புதிதாகச் செய்து வந்த ஸ்கார்பியோ-என் மூன்றாவது; கீழே "என் வண்டி" என்பதெல்லாம் இதுதான். செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, கிளாசிக்கில் 4 வீல் டிரைவ் கிடையாது என்பதுதான். பின்சக்கரம் மட்டும்தான் வண்டியைத் தள்ளும். பார்க்க முரட்டு வண்டிபோல இருந்தாலும் மணலுக்கு அது ஆகாது. 4 வீல் வேண்டுமென்றால் பழைய ஸ்கார்பியோவில் எஸ்10, எஸ்11 போன்ற ரகங்களில் 4 வீல் என்று ஆர்.சி.யிலும் ரகப் பெயரிலும் தெளிவாக இருப்பதைத் தேட வேண்டும். இல்லையென்றால் என் வண்டியின் டீசல் 4 வீல் ரகங்களுக்குப் போக வேண்டும். என் வண்டியில் பெட்ரோலுக்கு 4 வீல் வருவதில்லை.

4 வீல் உண்மையிலேயே தேவையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. தனுஷ்கோடிக்கு மணலில் வேனைப் பிடித்துப் போன காலம் முடிந்துவிட்டது. 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தாகிவிட்டது, எந்தக் காரும் போகும். கடலோரத் தோப்பு, சவுக்குக் காட்டுப் பாதை, வாலிநோக்கம் பக்கத்து உப்பளக் கரை, மீன் இறக்கும் துறைக்கு இறங்கும் மணல் தடம், மழைக்காலத்துக் கண்மாய்க் கரை: இவற்றில் வாரம் ஒரு தடவையாவது போகிறவருக்குத்தான் 4 வீல். மற்றவர்கள் அந்தப் பணத்தை டயருக்கும் துரு மருந்துக்கும் போடலாம்.

மணலில் பழைய 4 வீலுக்கும் என் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. தரையிலிருந்து அடிப்பகுதி உயரம் பழையதில் 180 மி.மீ., புதியதில் 187. இந்த 7 மி.மீ. எதையும் மாற்றாது. மாற்றுவது எஞ்சினும், இடது வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியலும்தான். பழைய 120 குதிரைத்திறன் எம்ஹாக் எஞ்சின் 1,800 சுற்றுக்கு மேல்தான் முழு இழுவையைத் தரும். அதற்குக் கீழே மணலில் ஊர்ந்தால் மூச்சடைத்து நின்றுவிடும். அதனால் ஓட்டுகிறவர் பாதி கிளட்ச்சில் பிடிப்பார், அங்கேதான் கிளட்ச் கருகும். இந்தக் கரையில் பழைய 4 வீல் வண்டிகளுக்கு வரும் பெரிய செலவு அதுதான். என் வண்டியின் 175 குதிரைத்திறன் டீசல், கையால் கியர் போடும் ரகத்தில் 370 நியூட்டன் மீட்டர் இழுவையை 1,500 சுற்றிலேயே தந்துவிடுகிறது. ஆட்டோமேட்டிக்கில் 400. மணலுக்கென்று மட்டும் கேட்டால் ஆட்டோமேட்டிக்தான் சரியான பதில். கருகுவதற்கு அங்கே கிளட்ச் தட்டு இல்லை, கியர் மாற்றும்போது வேகம் அறுவதும் இல்லை.

என் வண்டியின் இசட்8 ரக 4 வீலில் பின்னால் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃப்ரன்ஷியல் இருக்கிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் சுற்று வேகம் சுமார் 100 வித்தியாசப்பட்டால் உள்ளே "டக்" என்று கொக்கி விழுந்து இரண்டும் ஒன்றாகச் சுற்றும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பூட்டு விழ வேண்டுமென்றால் ஒரு சக்கரம் முதலில் வழுக்கிச் சுழல வேண்டும், அந்தச் சுழற்சியிலேயே அது மணலில் சில அங்குலம் தோண்டிவிடும். ஆகவே பூட்டு இருக்கிறதே என்று 2 வீலில் இறங்கக் கூடாது. தார் ரோட்டை விட்டு இறங்கும் முன்பே வண்டியை நிறுத்தி 4-லோ (4 வீலின் தாழ்ந்த கியர் நிலை) போட்டுக்கொள்ள வேண்டும். சிக்கின இடத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்காமல், சீராகக் கொஞ்சம் அழுத்தினால் பூட்டு பிடிக்கும். முன்பக்கம் வழுக்கும் சக்கரத்தை பிரேக்கால் அடக்கி மறுபக்கத்துக்கு இழுவையைத் தள்ளும் ஏற்பாடும் இதில் உண்டு. பழையதில் ஈஎஸ்பி (வழுக்கலைத் தானே அடக்கும் மின்னணு ஏற்பாடு) கிடையாது என்பதால் அந்த உதவியும் கிடையாது, ஓட்டுகிறவர் கைப்பழக்கம்தான் துணை. டயலில் "மணல்" என்று ஒரு நிலை இருப்பது இந்தக் கரைக்கு உண்மையாகவே பயன்படும். சாதாரண நிலையில் விட்டால், சக்கரம் வழுக்குவதைப் பார்த்ததும் எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும், வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். பூட்டும் டயல் நிலைகளும் ரகத்துக்கு ரகம் மாறும். புக் செய்யும் முன் உங்கள் ரகத்தில் எது எது வருகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் இத்தனை கருவிகளையும்விட மணலில் வேலை செய்வது டயர் காற்றுதான். தார் ரோட்டில் 33 பாயிண்ட் இருந்தால் மணலுக்கு 18. சிக்கிவிட்டால் 15. அதற்குக் கீழே இறக்கித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். எங்கே நின்று இறக்குவது என்பது இந்த மாவட்டத்துக்கே உரிய விஷயம். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். பாதையோரம் வெட்டிப் போட்ட சீமைக் கருவேல முள் அந்தப் பிதுக்கத்தில்தான் ஏறும். மிதிக்கிற பக்கம் ஏறிய முள்ளுக்குப் பஞ்சர் போடலாம், பக்கச்சுவரில் ஏறினால் டயரையே மாற்ற வேண்டும். கருவேலங்காட்டை முழுக் காற்றோடு தாண்டி, மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி இறக்குவதுதான் முறை. திரும்பும்போதும் அதே இடத்தில் காற்றடித்துவிட்டுத்தான் முள் பக்கம் வர வேண்டும். 12 வோல்ட் சின்ன கம்ப்ரஸர் ஒரு டயருக்குப் பத்து நிமிடம் வரை எடுக்கும், எஞ்சினை ஓட விட்டே அடிக்க வேண்டும்.

டயர் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். பழையதில் 235/65 ஆர்17, பக்கச்சுவர் 153 மி.மீ. இசட்8-ல் 255/60 ஆர்18, அதுவும் 153தான். ரிம் பெரிதாகியிருக்கிறது, மணலுக்கு வேண்டிய ரப்பர் உயரம் கூடவில்லை. இசட்4-ல் வரும் 245/65 ஆர்17-ல் பக்கச்சுவர் 159 மி.மீ., ரிம்மும் இரும்பு. மணலில் அதிகம் ஓட்டுகிறவருக்கு அந்த 17 அங்குலம்தான் நல்லது.

சிக்கிக்கொண்டால் செய்வது இரண்டுக்கும் ஒன்றே. சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுழன்றதும் காலை எடுத்துவிட வேண்டும். இறங்கி, நான்கு டயருக்கு முன்னும் பின்னும் மணலைச் சரிவாக அள்ள வேண்டும், வயிற்றுப் பகுதியில் மணல் முட்டியிருந்தால் அதையும். காற்றை 15-க்கு இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் எடுக்க வேண்டும். முன்னால் தள்ளிப் பார்க்கும் ஆசைதான் அரை அடிப் பள்ளத்தை இரண்டடியாக்குகிறது. ஜாக்கி போட ஓரடிக்கு ஓரடி கனமான பலகை ஒன்று வண்டியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஜாக்கி மணலுக்குள் இறங்குமே தவிர வண்டி ஏறாது. தனுஷ்கோடிப் பக்கம் உள்வாய் ஓரத்தில் காய்ந்து வெடித்த உப்புப் பொருக்குக்குக் கீழே கருஞ்சேறு இருக்கும். அதில் எந்தத் தலைமுறை 4 வீலும் நிற்காது. டிராக்டரும் சேர்ந்து மாட்டும். அலை வரும் கரையில் எதற்காகவும் ஓட்டாதீர்கள். பங்குனி ஆமை முட்டையிடும் மணல் அது. மீன் வண்டிகள் பழக்கமாகப் போகும் தடத்தை விட்டு விலக வேண்டிய அவசியம் ஒரு குடும்ப வண்டிக்கு இல்லை.

மணல் ஒரு நாள் பிரச்சினை, உப்பு தினமும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பனிலும் மண்டபத்திலும் நிறுத்திய வண்டியின் கண்ணாடியைக் காலையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்பு சேஸிஸ் பெட்டிக்குள்ளும் படிகிறது. இரண்டு தலைமுறையும் சேஸிஸ் மேல் உடம்பு ஏற்றிய வண்டிகள்தான். பெட்டி வடிவச் சேஸிஸின் ஓட்டைகள் வழியே மணல் உள்ளே போய்த் தங்கும், ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்.

கழுவுவதில் இந்த ஊருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கடலோர போர் தண்ணீரே பல இடங்களில் உப்பு. வாட்டர் வாஷ் கடையில் அதை அழுத்தமாக அடித்தால் உப்பைக் கழுவுகிறோமா ஏற்றுகிறோமா என்பதே சந்தேகம். ஒரு கை தண்ணீரைப் போனட்டில் தெளித்து வெயிலில் காய விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளை வட்டம் விழுந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கொஞ்சம் கிடைத்தாலும் அதைக் கடைசி அலசலுக்கு, அடிப்பக்கத்துக்கு மட்டும் வையுங்கள். மேலே ஈரத்துணி போதும்.

ஆண்டுக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன், சேஸிஸ் ஓட்டைகள் வழியே மெழுகு வகைத் துரு மருந்தை உள்ளே பீய்ச்ச வேண்டும். ஏற்கெனவே துரு பிடித்த இடத்தின் மேல் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிப்பதைவிட அடிக்காமலே விடலாம், ஈரம் உள்ளே சிறைப்பட்டுத் துரு வேகமாக ஓடும். பழைய எஞ்சின் ஆயிலைத் தடவும் வழக்கமும் புஷ் ரப்பர்களை ஊத வைத்துக் கெடுத்துவிடும். அலாய் வீல் ஹப்போடு ஒட்டிக்கொள்வது இங்கே சகஜம் என்பதால் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழற்றி, ஹப் முகத்தில் மெல்லிசாகக் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். அடியில் தொங்கும் ஸ்டெப்னியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இறக்கி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் அந்தச் சங்கிலி துருவேறி அசையாது. 4 வீலையும் மாதம் ஒரு தடவை மண் பாதையில் போட்டு எடுக்க வேண்டும். சும்மா கிடந்தால் அதை மாற்றும் மோட்டார் இறுகிவிடும். தார் ரோட்டில் போட்டு ஓட்டக் கூடாது, இரண்டுமே பகுதி நேர 4 வீல், திருப்பத்தில் பல்சக்கரங்கள் முறுக்கேறும்.

இந்த உப்பு விஷயத்தில் பழையது சற்று முன்னால் நிற்கிறது. ஸ்டியரிங் ஹைட்ராலிக், சென்சார் குறைவு, ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் எந்தப் பட்டறையிலும் கை வைப்பார்கள். என் வண்டியில் ஸ்டியரிங் மின்சாரம், சீட்டுக்கு அடியில்கூட ஒயர் சாக்கெட்டுகள். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் குளித்து ஈரத்துணியோடு ஏறும் குடும்பங்கள், மீன் பெட்டியின் ஐஸ் உருகிய தண்ணீர், இரண்டும் கார்பெட்டுக்குக் கீழே போய் அந்தச் சாக்கெட்டுகளில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட்டும், பின்னால் ஒரு பிளாஸ்டிக் தட்டும் வண்டி எடுக்கிற அன்றே போட வேண்டியவை. இசட்8-ன் சன்ரூஃப் வடிகுழாய்களில் காற்று மணல் அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே சொட்டும். அடைப்பை மெல்லிய நைலான் இழையால் எடுங்கள், கம்பி குழாயைக் கிழித்துவிடும்.

டீசல் புகை வடிகட்டி இன்னொரு கவலை. என், கிளாசிக் இரண்டிலும் உண்டு, பிஎஸ்4 புகை விதிக் காலத்துப் பழையதில் இல்லை. வீட்டுக்கும் உச்சிப்புளி கடைத்தெருவுக்கும் மட்டும் ஓடினால் அது கரியால் அடைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு தடவை பரமக்குடி வரை 60-க்குக் குறையாமல் போய் வந்தால் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். விளக்கு எரிந்த பிறகும் ஊருக்குள்ளேயே சுற்றினால் செலவு பெரிது.

குடும்பத்தை ஏற்றிப் போவதில் போட்டியே இல்லை. 2016-ல் காற்றுப்பை இல்லாத பழைய ஸ்கார்பியோ குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்குப் பூஜ்ஜியம் வாங்கியது. என் வண்டி 2022-ல் பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 3 நட்சத்திரம். பழையதில் கடைசி வரிசை பக்கவாட்டு பெஞ்சாக இருக்கும் ரகங்களில் பிள்ளைகளை உட்கார வைத்து நெடுந்தூரம் போவதைத் தவிர்க்க வேண்டும். என் வண்டியில் மூன்றாம் வரிசை முன்னோக்கியது, ஆனால் அதை விரித்தால் பின்னால் ஒரு பைக்குத்தான் இடம், ஏழு பேர் சாமான் கூரைக்குத்தான் போகும். கச்சான் நாளில் பாம்பன் பாலத்தில் ஓட்டும்போது வித்தியாசம் கையில் தெரியும். என் வண்டி சுமார் 14 செ.மீ. உயரம் குறைவு, 10 செ.மீ. அகலம் கூடுதல். பழையது காற்றுக்குச் சாயும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்தபடியே போக வேண்டும்.

ஆக, மணலும் உண்டு பிள்ளைகளும் உண்டு என்றால் என் டீசல் 4 வீல். தார் ரோட்டோடு சரி என்றால் என் 2 வீல் போதும். கையில் இருக்கும் பணம் பழைய 4 வீலுக்குத்தான் வரும் என்றால், கடலோரத்தில் ஓடாத வண்டியாகத் தேடுங்கள், மதுரைக்கு மேற்கே பதிவானதாக இருந்தால் நல்லது. வாங்கும் முன் குழியில் ஏற்றி, ஒரு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சேஸிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இரும்பு "டங்" என்னும். பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குப் பக்கத்திலோ கடைசிக் குறுக்குச் சட்டத்திலோ சத்தம் "டப்" என்று செத்து விழுந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பிரேக் பைப்பை விரலால் உருவிப் பாருங்கள், செதில் செதிலாக வந்தால் நான்கையும் மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். முன் லோயர் ஆர்ம் போல்ட் ஸ்பேனருக்கு அசைகிறதா என்று பட்டறைக்காரரை வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள். அது இறுகியிருந்தால் வீல் அலைன்மென்ட் முழுமையாகச் செய்ய முடியாது, புது டயர் ஒரு பக்கமாகத் தேயும்.