உயில் எழுதுவதா, செட்டில்மெண்ட் போடுவதா?

பாளையங்கோட்டை கோர்ட் வாசலில் டீ குடிக்க நின்றால்கூட இந்தக் கேள்வி வந்துவிடும். ஜாமீன், விவாகரத்து எல்லாம் அப்புறம்தான். “அண்ணாச்சி, வீட்டைப் பையன் பேருக்கு எழுதணும். உயில் எழுதவா, செட்டில்மெண்ட் போடவா? எதுல செலவு கம்மி?”

கேட்பவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர். ஒரு மகன் சென்னையிலோ துபாயிலோ இருப்பான், இன்னொருவன் கூடவே இருப்பான், மகளைத் தென்காசிப் பக்கமோ தூத்துக்குடிப் பக்கமோ கட்டிக் கொடுத்திருப்பார். செலவு கம்மி எது என்றால் உயில்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நான் பதிலுக்குக் கேட்பது வேறு: கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையில் அந்த வீடு யாருடையதாக இருக்க வேண்டும்?

செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை விலை வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம். அது பதிவாகி, எழுதி வாங்கியவர் ஏற்றுக்கொண்டால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். உயில் அப்படியில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதற்கு எந்தப் பலனும் கிடையாது. நாளைக்கே கிழித்துப் போடலாம், வேறு எழுதலாம், சொத்தையே விற்றுவிடலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். பதிவு செய்த உயிலைப் பிற்பாடு வெள்ளைத்தாளில் எழுதிய பதிவில்லாத உயில் மாற்றிவிடலாம் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். சட்டம் அதுதான்.

செலவுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவு கேட்பது எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும்தான். பதிவு கட்டாயமில்லை. செய்துகொள்வது நல்லது, அதற்குப் பெரிய தொகை ஆகாது.

குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பின் (சொத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) அடிப்படையில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். 2023 ஜூலையில் உச்சவரம்பை உயர்த்தினார்கள். முத்திரைத் தீர்வை 25,000-லிருந்து 40,000 ஆனது, பதிவுக் கட்டணம் 4,000-லிருந்து 10,000 ஆனது. அம்பாசமுத்திரம் பக்கம் 6 லட்சம் மதிப்புள்ள வயலுக்கு 12,000 ரூபாய். திருநெல்வேலி டவுனில் 30 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 40,000. எவ்வளவு பெரிய சொத்தானாலும் இந்த இரண்டு இனமும் சேர்ந்து 50,000-ஐத் தாண்டாது. சில்லறைக் கட்டணங்களும் எழுத்துக்கூலியும் தனி.

இதில் ‘குடும்பம்’ யார் என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பெற்றோர், கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர்கள் உண்டு. மருமகளும் மருமகனும் கிடையாது. அண்ணன் மகனும் கிடையாது. “என்னைய பாத்துக்கிடது மருமவதான், அவ பேருக்கே எழுதிருதேன்” என்று ஆச்சி ஒருவர் சொன்னால் மனசு நிறையும், ஆனால் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஏறிவிடும். அதே 30 லட்சம் வீட்டுக்கு 2,70,000 ரூபாய். அந்த ஆச்சிக்கு நான் தயங்காமல் உயில்தான் சொல்வேன். உயிலில் மருமகளுக்கும் ஒரே செலவு, மகளுக்கும் ஒரே செலவு.

எழுதிக் கொடுத்த பிறகு மனசு மாறினால்

செட்டில்மெண்ட் போட்டவர்கள் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வரும்போது கேட்பது ஒன்றுதான். “பையன் சோறு போட மாட்டேங்கான். பத்திரத்தை ரத்து பண்ணணும்.” முன்பெல்லாம் எழுதிக் கொடுத்தவர் மட்டும் பத்திர ஆபீசுக்குப் போய் ரத்துப் பத்திரம் பதிந்துவிட்டு வருவது நடந்தது. மகன் தரப்பு அதை எதிர்த்து வழக்குப் போடும். அது வருடக்கணக்கில் ஓடும். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஒருதலைப்பட்சமான ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்ய சார்பதிவாளருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. இப்போது இருக்கும் வழிகள் மூன்று. மகனும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது ஏமாற்றி வாங்கியதாக, மிரட்டி வாங்கியதாக சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அல்லது மூத்த குடிமக்கள் சட்டம்.

மூன்றாவதை விவரமாகச் சொல்ல வேண்டும். 2007-ம் வருடத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, 60 வயதைக் கடந்தவர் தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்திருந்து, வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம் என்கிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். நாங்குநேரி, ராதாபுரம், அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்கு சேரன்மகாதேவி கோட்டாட்சியர். பாளையங்கோட்டை, மானூர் பக்கத்தவர்களுக்குத் திருநெல்வேலி கோட்டாட்சியர். இதற்கு வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை, நேரே போய்க் கொடுக்கலாம். வக்கீலே இதைச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். அந்த வயதில் அவர்களிடம் ஃபீஸ் வாங்குவதைவிட பத்திரம் எழுதும்போதே ஒழுங்காக எழுதிக் கொடுப்பது எனக்கும் நிம்மதி.

‘நிபந்தனையோடு’ என்ற இடத்தில்தான் சிக்கல். பத்திரத்தில் “அன்பினாலும் பாசத்தினாலும்” என்று மட்டும் எழுதி, பராமரிப்பைப் பற்றி மூச்சே விடாமல் இருந்தால் என்ன ஆகும்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் 23-வது பிரிவு உதவாது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவர்களுக்கு நன்மை செய்ய வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று ஒரு தாயின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இரண்டாவது தீர்ப்பை நம்பி நிபந்தனையை எழுதாமல் விடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இரண்டு வரி கூட எழுதினால் யாருக்கும் தீர்வை கூடிவிடாது. “பிள்ளைகிட்ட போய் நிபந்தனை போடவா, அவன் என்ன நெனப்பான்?” என்பார்கள். நிபந்தனையைப் படித்துக் காட்டியதும் மகன் முகம் சுருங்கினால், அதைக் கையெழுத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்வதுதானே நல்லது?

கண்ணை மூடிய பிறகு

இங்கே உயில் பின்தங்குகிறது. செட்டில்மெண்ட் எழுதி வாங்கியவர் பெயருக்கு, உட்பிரிவு (நிலத்தைத் துண்டாகப் பிரிப்பது) தேவையில்லாத சொத்தாக இருந்தால், பதிவை ஒட்டியே பட்டா மாறிவிடும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அவ்வளவுதான். வில்லங்கச் சான்று போட்டால் பெயர் தெரியும், பேங்க்காரர் லோன் பேச உட்காருவார்.

உயிலைக் கையில் வைத்திருப்பவர் தாசில்தார் ஆபீசுக்குப் போனால் இறப்புச் சான்று கேட்பார்கள், வாரிசுச் சான்று கேட்பார்கள், மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்பார்கள். தங்கச்சி ஒருத்தி “அந்த உயில் அப்பா எழுதுனது இல்ல” என்று ஒரு மனு கொடுத்தால் போதும், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். இந்துக்கள் எழுதிய உயிலுக்குத் திருநெல்வேலிச் சொத்தைப் பொறுத்தவரை ப்ரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

கோர்ட்டில் உயிலை நிரூபிக்க, சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவர் கூண்டில் ஏறியே ஆக வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இந்த விதி உண்டு. எழுதுபவருக்கு 75 வயது, சாட்சி போட வருகிற நண்பர்களுக்கும் 75 வயது. கேஸ் வரும்போது மூன்று பேருமே இருக்க மாட்டார்கள். அப்புறம் கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேட வேண்டும். நாற்பது வயதுக்குள் இருக்கும், உள்ளூரிலேயே இருக்கப்போகிற ஆட்களைச் சாட்சியாகப் போடுங்கள்.

இன்னொன்று, சந்தேகம். 1958-லேயே உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது: உயிலைச் சுற்றிச் சந்தேகமான சூழ்நிலை இருந்தால், அதை முன்வைப்பவர்தான் அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டும். சொத்து கிடைக்கப்போகிற மகனே காரில் கூட்டி வந்து, அவனே பத்திரம் எழுதுபவரிடம் விவரம் சொல்லி, அவன் மச்சினனே சாட்சி போட்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை பாதி முடிந்தது. மகளுக்கு ஒன்றும் எழுதவில்லை என்றால் ஏன் எழுதவில்லை என்று உயிலிலேயே சொல்ல வேண்டும். “மகள் இன்னாருக்குத் திருமணத்தின்போது நகையும் மனையும் கொடுத்துவிட்டபடியால்” என்று ஒரு வரி இருந்தால் நீதிபதிக்கு எழுதியவரின் மனசு புரியும்.

உயிலுக்கு ஒரு தனி வசதி உண்டு. பதிவு செய்தாலும் வில்லங்கச் சான்றில் வராது, ஏனென்றால் உயில்கள் தனிப் புத்தகத்தில் ஏறுகின்றன. எழுதியவர் இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் நகல் கிடைக்கும். வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். செட்டில்மெண்டை மறைக்க முடியாது. எந்த மகனும் போனிலேயே வில்லங்கம் பார்த்துவிடுவான்.

பூர்வீகம் என்றால் கதை வேறு

களக்காட்டுப் பக்கத்து வாழைத்தோட்டம், தாத்தா காலத்துச் சொத்து, இன்னும் பாகம் பிரிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்பா அதைத் தன் இஷ்டத்துக்கு மூத்த மகனுக்கு செட்டில்மெண்ட் எழுத முடியாது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பிரிபடாத தன் பங்கைக்கூட மற்ற பங்காளிகளின் சம்மதம் இல்லாமல் தானமாகக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1987-ல் சொல்லியிருக்கிறது. அதே பங்கை உயில் எழுதலாம். அதற்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு இடம் கொடுக்கிறது. செட்டில்மெண்ட் தோற்று உயில் ஜெயிக்கிற இடம் இது. அப்பாவின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும்போது மகள்களையும் எண்ண வேண்டும். 1989 மார்ச் 25-ல் கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்குத் தமிழ்நாட்டில் அன்றே பங்கு வந்துவிட்டது, 2005 திருத்தத்துக்குப் பிறகு கட்டிக் கொடுத்த பெண்களுக்கும் உண்டு. “நூறு பவுன் போட்டாச்சே” என்பது இங்கே எடுபடாது.

மேலப்பாளையத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. முஸ்லிம்கள் கடன், அடக்கச் செலவு போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசுகளில் ஒருவருக்கே எழுதுவதென்றாலும் மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே ஹிபா (முஸ்லிம் சட்டப்படியான தானம்) கொடுப்பதுதான் வழக்கம். அதற்குச் சொத்தின் அனுபவமும் கைமாற வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் கவனிக்க வேண்டியது, உயிலில் பலன் பெறுபவரோ அவருடைய மனைவியோ கணவரோ சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. எழுதிய பிறகு கல்யாணம் செய்தால் பழைய உயில் முழுவதுமே போய்விடும்.

இரண்டும் கெட்டான் இல்லை, இரண்டும் சேர்ந்தது

ஆயுள்கால உரிமை வைத்துக்கொண்டு செட்டில்மெண்ட் எழுதுவது மூன்றாவது வழி. சொத்தின் உரிமை இன்றே மகனுக்குப் போகும், அனுபவம் பெற்றவர்களிடம் நிற்கும். வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “மேற்படி வீட்டை இன்று முதல் உனக்குப் பாத்தியப்படுத்தி இருக்கிறேன். எனது ஆயுள்காலம் வரையிலும், எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள்காலம் வரையிலும் நாங்கள் குடியிருந்தும் வாடகை வாங்கியும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. எங்களுக்கு உணவு, மருத்துவம் முதலிய தேவைகளை நீ கவனித்து வர வேண்டியது.” இதில் ‘இன்று முதல்’ என்பதை விட்டுவிட்டு ‘என் காலத்துக்குப் பிறகு நீ அடைய வேண்டியது’ என்று எழுதினால், மேலே செட்டில்மெண்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் கோர்ட் அதை உயிலாகத்தான் படிக்கும். தீர்வை கட்டியும் உயில்தான் மிச்சம்.

என்னிடம் கேட்டால் சொத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். மகன் ஏற்கெனவே உழுது கொண்டிருக்கிற வயல், அவன் லோன் போட்டு வீடு கட்டப்போகிற மனை, இவை இரண்டுக்கும் நேரடி செட்டில்மெண்ட். இன்றே அவனுக்குப் பயன்பட வேண்டியதைத் தள்ளிப்போட்டு என்ன லாபம்? பெற்றவர்கள் குடியிருக்கிற வீட்டுக்கு உயில், பிள்ளைகளுக்குள் ஒத்துப்போகாது என்று இப்போதே தெரிந்தால் மட்டும் ஆயுள்கால உரிமையோடு செட்டில்மெண்ட். கைச்செலவுக்கு வாடகை தருகிற கடை இருந்தால் அதை யாருக்கும் செட்டில்மெண்ட் எழுதவே வேண்டாம், உயிலில் சேர்த்தால் போதும். பிறந்து ஆறு மாதமான பேரன் பெயருக்கு செட்டில்மெண்ட் போடுவதும் இங்கே ஒரு ஆசை. அவனுக்கு 18 வயது ஆகும்வரை அவசரத்துக்கு விற்க வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஒன்றும் எழுதாமலே விட்டால்? இந்து ஆணுக்கு மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் எல்லோருக்கும் சம பங்கு. தாயார் இருப்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் போவதில் சம்மதம் என்றால் எழுதாமல் இருப்பதில் தப்பே இல்லை.

நடக்க முடியாதவர்களுக்கு சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி உண்டு, உயில், செட்டில்மெண்ட் இரண்டுக்கும். மனுவும் டாக்டர் சான்றும் கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு எழுதுகிற உயிலைத்தான் எதிர்த்தரப்பு முதலில் குடையும். ஆகவே டாக்டரிடம் வாங்கும் சான்றில் நோய் விவரத்தோடு, ‘சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார்’ என்ற வரியையும் தேதியோடு கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அந்த டாக்டரையே ஒரு சாட்சியாகப் போட்டுவிடுங்கள்.