குச்சிக்கிழங்குக்கு யார் பேச்சைக் கேட்பது: வகுப்பா, வயலா, மருந்துக்கடையா?

சேலம், நாமக்கல் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடுகிறவருக்கு யோசனை மூன்று இடங்களிலிருந்து வருகிறது: வேளாண் அறிவியல் நிலையத்தின் ஒருநாள் வகுப்பு, பயிர்க்காலம் முழுக்கக் காட்டிலேயே நடக்கும் வயல்வெளிப் பள்ளி, ஊரில் பூச்சிமருந்து விற்கும் மருந்துக்கடை. உழவன் செயலியும் உண்டுதான். மானியத்துக்குப் பதிய, விலை பார்க்க அது சரி. நோயை அடையாளம் காணப் பழக அது போதாது.

வகுப்பு அளவுகளுக்கு நல்லது. 15 செ.மீ. கரணை (நடுவதற்கு வெட்டும் குச்சித்துண்டு), அதில் 8 முதல் 10 கணு, லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைமருந்து கலந்து 15 நிமிடம் ஊறல். ஒரு தாளில் எழுதிக்கொடுத்தால் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் வகுப்புக்குப் பெரும்பாலும் பட்டா பெயரில் இருக்கும் ஆண்தான் வருகிறார். கரணை நடும் பெண்கள் வேறு காட்டில் வேலையில் இருப்பார்கள்.

தேமல் நோய் விஷயத்தில் வகுப்பு தோற்றுவிடும். நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. அதைவிட நாம் நடும் கரணையே பரப்புகிறது. அடி இலை முதலே மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழுந்து, இலை கோணிக்கொண்டு வந்தால் நோய் கரணையோடு வந்தது. அடி இலைகள் நன்றாக இருந்து மேலே மட்டும் தேமல் என்றால் வெள்ளை ஈயின் வேலை. இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றபடி சீராக வெளுத்திருந்தால் அது நோயே இல்லை, இரும்புச்சத்துக் குறை. படத்தில் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். காட்டில் நாலு செடியைக் கையால் புரட்டினால் பிடிபட்டுவிடும். அப்புறம், இலை கொட்டி நிற்கும் குச்சியில் நல்லது கெட்டது தெரியாது. விதைக்குச்சி எடுக்கப்போகும் நல்ல செடிக்கு, இலை இருக்கும்போதே அடையாளத்துக்குத் துணி கட்டி வைக்க வேண்டும். பயிரோடு கூடவே நடக்கும் பயிற்சிதான் இதைச் சரியான நேரத்தில் சொல்லும்.

ஆனால் வயல்வெளிப் பள்ளிக்கு ஆள் வேண்டும். 25, 30 பேருக்காக ஓர் அலுவலர் பத்து மாதம் வந்துகொண்டிருப்பது எல்லா ஊரிலும் நடக்கிற காரியமில்லை.

மருந்துக்கடையின் பலம் வேறு. சாயங்காலமும் திறந்திருக்கும், கடனும் தருவார்கள். மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, இங்கும் பரவி, குருத்தெல்லாம் கொத்தாகச் சுருண்டபோது விவசாயி முதலில் ஓடியது கடைக்குத்தான். கடையில் இருப்பது மருந்து, அதனால் விடையும் மருந்தாகத்தான் வந்தது. பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து, இந்த மாவுப்பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட ஆரம்பித்தது. குளவி பிழைக்க வேண்டுமானால் தெளிப்பைக் குறைக்க வேண்டும். "அடிக்காதே" என்று சொல்லி எந்தக் கடையும் பிழைக்க முடியாது. அதைச் சொல்லும் வேலை பயிற்சிக்காரருடையது.

மூன்று பேரும் திணறும் இடம் ஒன்று உண்டு. தேமல் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகத்தைப் பற்றிப் பேசினால் வரும் முதல் கேள்வி, "பாயிண்ட் எத்தனை?" ஜவ்வரிசி ஆலை மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடும். அடுத்த கேள்வி, "குச்சி எங்கே கிடைக்கும்?" இரண்டு கணு துண்டுகளை நாற்றுவிட்டு, தேமல் நாற்றைப் பிடுங்கிப்போட்டு நடும் முறை இதற்காகவே வந்தது. வழக்கமான முறையில் ஒன்றுக்குப் பத்து பெருகும் குச்சி, இதில் ஏறக்குறைய அறுபதாகும். ஊரில் ஒரு நாற்றங்காலாவது போட்டுக் காட்டாமல் ரகத்தின் பெயரை மட்டும் சொல்வது வீண்.

என்னைக் கேட்டால் வயல்வெளிப் பள்ளிதான், ஆனால் சுருக்கி. நட்ட முதல் மாதம், மூன்றாம் மாதம், அறுவடைக்கு முன் என மூன்றே கூட்டம், காட்டிலேயே, பெண்களுக்கு வசதியான நேரத்தில். கடைக்காரரையும் கூப்பிடலாம். வேளாண் விரிவாக்கப் பயிற்சி தரும் ஹைதராபாத் மேனேஜ் நிறுவனம் இடுபொருள் விற்பவர்களுக்கென்றே 2003-இல் ஒரு டிப்ளமோ தொடங்கியது. அதைப் படித்தவர் உங்கள் ஊரிலும் இருக்கக்கூடும், கடைச் சுவரில் சான்றிதழ் தொங்குகிறதா என்று பாருங்கள்.