நேரடிப் பணமாற்றமா, தளத்தின் பாதுகாப்பா, கடன்பற்று அட்டையா?

தீபாவளிக்கு முன்பு சிங்கப்பூரின் தேக்காவில் கிடைக்காத புடவையை ஃபேஸ்புக் நேரலையில் பார்த்து வாங்குவது நம்மில் பலருக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. விற்பவர் தமிழில் பேசி, "அக்கா" என்று அழைத்தால் நம்பிவிடுகிறோம். நான் முதலில் பார்ப்பது, பணம் நம் கணக்கைவிட்டுப் போன பிறகு அதை நிறுத்திவைக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதைத்தான்.

2017இல் அறிமுகமான பேநவ் என்ற வங்கிப் பணமாற்றச் சேவை வழியாக நேரடியாக அனுப்பும் பணம் நொடிகளில் போய்ச் சேர்கிறது. அறிமுகமில்லாத விற்பனையாளரிடம் வாங்கும்போது அந்த வேகமே ஆபத்தாகிறது. திரையில் தோன்றும் பெயர் விற்பவருடையதாகவே இருக்கவேண்டியதில்லை, ஏனெனில் மோசடிக் கும்பல்கள் பிறர் காசுக்காகக் கொடுத்த கணக்குகளைப் பயன்படுத்துகின்றன. 2024 டிசம்பர் 16 முதல் நடப்பிலுள்ள, மோசடி இழப்பை யார் ஏற்பது என்று வகுக்கும் பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பு சில வகைத் தகவல் திருட்டு மோசடிகளுக்கே பொருந்தும். நாமே அறிந்து அனுப்பிய பணத்தை அது ஈடுசெய்யாது. சிறு கோரல்கள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்றாலும், விற்றவர் யாரென்றே தெரியாதபோது எவர்மீது வழக்குத் தொடுப்பது?

ஷாப்பி, லசாடா போன்ற இணைய வணிகத் தளங்களுக்குள் செலுத்தும் பணம் பொருள் வந்து சேரும்வரை விற்பவரிடம் போவதில்லை. பொட்டலத்தைப் பிரிக்குமுன் "பெற்றேன்" என்று அழுத்துவோரும், சலுகை விலைக்காகத் தளத்துக்கு வெளியே பணம் அனுப்புவோரும் இந்தக் காப்பைத் தாமே இழக்கின்றனர். எல்லாத் தளங்களும் சமமல்ல: உள்துறை அமைச்சு 2022 மே மாதம் வெளியிட்ட முதல் பாதுகாப்புத் தரமதிப்பீட்டில் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் 4 குறிகளில் 1 மட்டுமே பெற்றது.

வெளிநாட்டுக் கடையின் சொந்த இணையத்தளத்தில் வாங்குவோருக்குக் கடன்பற்று அட்டையே (கிரெடிட் கார்டு) மேல். பொருள் வராவிட்டால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கோரலாம்; வாரக்கணக்கில் ஆகலாம், எல்லா முறையீடும் வெல்வதில்லை, ஆனாலும் வழி இருக்கிறது. பொய்த் தளம் கேட்கும் ஒருமுறை மறைச்சொல் (ஓடிபி), நம் அட்டையை மோசடிக்காரரின் கைப்பேசியில் பதிவதற்கானதாக இருக்கக்கூடும் என்பதால், வங்கியின் குறுஞ்செய்தியை முழுதாகப் படித்தே தீரவேண்டும். ஐயம் எழுந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

நேரலைப் புடவைக்கு என் பரிந்துரை இதுதான்: பணத்தை நிறுத்திவைக்கும் தளம் ஒன்றில் அதைப் பட்டியலிடும்படி விற்பவரைக் கேளுங்கள், அவர் மறுத்தால், எவ்வளவு அழகான புடவையாக இருந்தாலும் முன்பணம் அனுப்பாதீர்கள்.