போதை மீட்பு ஆலோசகர் சான்றிதழ்ப் பயிற்சி: இணையவழியில் எவ்வளவு கற்கலாம்?

குடிநோயிலிருந்தும் பிற போதைப் பழக்கங்களிலிருந்தும் மீள விரும்புவோருக்கு ஆலோசனை வழங்கும் பணிக்கு இணையவழியில் பயிற்சி தருவதாகப் பல தனியார் நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. அவற்றுள் ஒன்றில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்து, சுமார் நான்கு மாதங்கள் வார இறுதி வகுப்புகளில் கலந்துகொண்டு அண்மையில் முடித்தேன். சமூகப்பணி படித்துவிட்டுக் குடும்ப ஆலோசனைப் பணியில் இருக்கும் எனக்கு இது அவசியமான படிப்பாக இருந்தது. எங்களிடம் வரும் குடும்ப வழக்குகளில் கணிசமானவற்றின் அடியில் குடிதான் கிடக்கிறது. பயிற்சி நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. சேர நினைப்பவர்கள் எதைப் பெறலாம், எதைப் பெற முடியாது என்பதைச் சொல்வதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

முதலில் பாடத்திட்டம். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட, பல நாட்டு அரசுகளின் கூட்டமைப்பான கொழும்புத் திட்ட அமைப்பு 1973 முதல் போதைப்பொருள் ஆலோசனைத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. அந்த அமைப்பின் முயற்சியில் உருவான யுனிவர்சல் ட்ரீட்மென்ட் கரிக்குலம் என்னும் பாடத்திட்டத்தையே இந்த வகுப்புகள் பின்பற்றின. போதைப்பொருள் மூளையில் செய்யும் வேலை, சிகிச்சையின் தொடர்நிலைகள், உடன்வரும் மன, உடல் நோய்கள், அடிப்படை ஆலோசனைத் திறன்கள், மதிப்பீடும் ஆவணப்படுத்தலும், வழக்கு மேலாண்மை, நெருக்கடி நேரத் தலையீடு, தொழில் நெறிமுறை என எட்டுப் பகுதிகளைக் கொண்ட அடிப்படைநிலைப் படிப்பு அது. பாடத்தின் தரத்தில் எனக்குக் குறையில்லை. ஒழுக்கக் கேடு என்றோ மன உறுதியின்மை என்றோ ஊரார் பேசும் ஒன்றைத் திரும்பத் திரும்ப வரக்கூடிய நாள்பட்ட நோயாகப் பார்க்க அது முதல் வாரத்திலேயே பழக்கிவிடுகிறது.

எனக்கு மிகவும் பயன்பட்டது உடலியல் பகுதி. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதுமான உயிராபத்து நிலை ஏற்படலாம் என்பதைக் கால அட்டவணை போட்டே விளக்கினார்கள். நமது ஊர்களில் இதற்கு நேரடிப் பொருத்தம் இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டு, அன்று காலையே குடியை அடியோடு நிறுத்துகிறவர்கள் எத்தனையோ பேர். நிறுத்துவது நல்லதுதான். ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது. மூன்றாம் நாள் அவர் சுவரில் பூச்சி ஊர்வதாகப் பிதற்றும்போது சாமி வந்துவிட்டது என்றோ தெய்வக்குற்றம் என்றோ வீட்டார் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகத் தாமதித்தால், உயிரே போகலாம். ஆலோசகர் மருந்து எழுத முடியாது. யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டுகொள்ளத் தெரிய வேண்டும். அதை இந்தப் பயிற்சி நன்றாகவே கற்றுக்கொடுத்தது.

அடுத்து ஆலோசனைத் திறன்கள். வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் முறையே இதன் முதுகெலும்பு. அறிவுரை சொல்லி மடக்குவதற்குப் பதிலாக, மாற வேண்டும் என்ற பேச்சை உதவி நாடி வந்தவர் வாயிலிருந்தே வரவழைப்பது அந்த முறையின் சாரம். ஜூம் வகுப்பில் மூவர் மூவராகச் சிறு அறைகளில் பிரித்துவிட்டு, ஒருவர் ஆலோசகர், ஒருவர் உதவி நாடி வந்தவர், ஒருவர் கவனிப்பவர் என நடிக்கச் செய்தார்கள். கவனிப்பவர் கையில் ஒரு படிவம் இருக்கும். திறந்த கேள்வி எத்தனை, சொன்னதைப் புரிந்துகொண்டு திருப்பிச் சொன்னது எத்தனை, கேட்காமலே கொடுத்த அறிவுரை எத்தனை என்று அவர் கோடு போட்டு எண்ண வேண்டும். பெரும்பாலான படிவங்களில் கடைசிக் கட்டமே நிரம்பி வழிந்தது.

ஒரு வகுப்பில் குடிப்பவரின் மனைவியாக நடித்தவர், நமது மையங்களில் அன்றாடம் கேட்கும் கேள்வியையே கேட்டார்: "மேடம், அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து கொடுக்கிற மாதிரி மருந்து ஏதாவது இருக்குதுங்களா?" ஆலோசகராக நடித்த இளைஞர் சட்டப்பிரிவைச் சொல்லி மறுக்கத் தொடங்கினார். இருபது ஆண்டுகளாக மறுவாழ்வு மையத்தில் பணியாற்றிவரும் எங்கள் பயிற்றுநர் அம்மையார் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். மருந்து கலப்பதால் வரும் ஆபத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிராம் உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம், எனவே அது குடிப்பவரின் முழுச் சம்மதத்தோடும் மருத்துவக் கண்காணிப்போடும் மட்டுமே தரப்பட வேண்டிய மருந்து என்று அவர் விளக்கினார். ஆனால் அதற்கு முன்பு அந்தப் பெண் எத்தனை இரவு தூங்காமல் இருந்துவிட்டு இந்தக் கேள்வியோடு வந்திருக்கிறாள் என்பதைக் கேட்க வேண்டும் என்றார். பிறகு அவரே அந்த இடத்தில் அமர்ந்து, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று தொடங்கினார். பதிவு செய்யப்பட்ட காணொளிகள் எத்தனை பார்த்தாலும் இது கிடைத்திருக்காது. நேரலை வகுப்பு இல்லாத பயிற்சியில் சேர வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மதிப்பீட்டுப் பகுதி சற்று வறட்சியானது, ஆயினும் தேவையானது. குடிப்பழக்கத்தின் தீவிரத்தைக் கண்டறிய உதவும் உலகச் சுகாதார அமைப்பின் ஆடிட் வினாத்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். அதைப் படிவமாக வாசித்துக் காட்டாமல் உரையாடலாகக் கேட்கப் பழக்கினார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். பாடத்திட்டம் பல நாடுகளுக்குப் பொதுவானது என்பதால் இந்தியச் சட்டங்களை நடத்துநர்கள்தாம் தனியாகச் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். எங்கள் நிறுவனம் அதற்கு ஒரே ஒரு வகுப்பை ஒதுக்கி, ஒரு ஸ்லைடு தொகுப்பை வாசித்து முடித்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்கியது. யாரையும் சங்கிலியால் பிணைப்பதை அதன் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு தொடர்பாகவோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காக்கிறது. கஞ்சா வழக்கில் சிக்கிய கல்லூரி மாணவனின் தந்தை நம் முன் வந்து உட்காரும்போது இதைத் தெரியாமல் என்ன பேசுவது? தேர்விலும் இவற்றிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.

இதைவிடப் பெரிய குறை களப்பயிற்சியில். சேரும்போது ஒரு மறுவாழ்வு மையத்தில் மேற்பார்வையுடன் பயிற்சி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். கட்டணம் முழுவதும் செலுத்திய பிறகு, மையத்தை நீங்களே தேடிக்கொண்டு கையொப்பமிட்ட கடிதம் அனுப்பினால் போதும் என்று மின்னஞ்சல் வந்தது. அந்தக் கடிதத்தை யாரும் சரிபார்க்கவில்லை. கொள்குறி வினாத் தேர்வில் தேறியதும் சான்றிதழ் பிடிஎஃப் ஆக வந்து சேர்ந்தது. இதை நான் மன்னிக்கத்தக்க குறையாகக் கருதவில்லை. அமெரிக்காவில் ஐசி&ஆர்சி போன்ற சான்றளிப்பு அமைப்புகள் வகுப்பறை நேரத்தோடு பல ஆயிரம் மணி நேர மேற்பார்வைப் பணியையும் எழுத்துத் தேர்வையும் கேட்கின்றன; கொழும்புத் திட்டத்தின் சான்றிதழ் நிலைகளும் படிப்பு, அனுபவம், தேர்வு மூன்றையும் சேர்த்தே பார்க்கின்றன. இணையவழிப் பயிற்சி தருவது இவற்றுள் முதல் பகுதியை மட்டுமே. இதை நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் மருத்துவருக்கு இருப்பது போன்ற தனி உரிமம் போதை மீட்பு ஆலோசகருக்கு இல்லாததால், "சான்றளிக்கப்பட்ட" என்ற அடைமொழியை யார் வேண்டுமானாலும் விற்க முடிகிறது.

ஆள் தேவை இருப்பதில் ஐயமில்லை. சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுச் சார்பு உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தனர். ஏற்கெனவே மருத்துவமனையிலோ மறுவாழ்வு மையத்திலோ பணியாற்றி, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வை கிடைக்கக்கூடியவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சான்றிதழைக் காட்டி வேலை தேடலாம் என்று நினைப்பவர்கள் பணம் கட்டும் முன், களப்பயிற்சி எந்த மையத்தில், மேற்பார்வையிடுபவர் யார், மாதம் எத்தனை முறை சந்திப்பார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பாடம் மட்டும் போதும் என்பவர்கள் இஸ்ஸப் என்னும், போதைத் துறைப் பணியாளர்களின் பன்னாட்டுச் சங்கத்தில் கட்டணமின்றி உறுப்பினராகி, அங்குள்ள இணையவழி வகுப்புகளை முதலில் பார்க்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும், பெங்களூரு நிம்ஹான்ஸின் போதை மருத்துவ மையமும் இத்துறையில் நீண்ட அனுபவம் உள்ளவை. அவற்றின் பயிற்சி அறிவிப்புகளையும் கவனித்து வருவது நல்லது.

எங்கள் வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் குடியிலிருந்து மீண்டு, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்னும் சுய உதவிக் குழுவின் கூட்டங்களில் தொடர்ந்து கலந்துகொள்பவர்கள். அவர்கள் அறிந்த அளவு இந்த நோயை நாங்கள் அறியோம். ஆனால் குடித்துவிட்டு வரும் ஒருவரின் எதிரில் தினமும் அமர்வது அவர்களுடைய மீட்சிக்கே சோதனையாகலாம் என்பதால், வழிகாட்டும் மூத்த உறுப்பினரான ஏ.ஏ. ஸ்பான்சர் ஒருவர் இருப்பது போதாது, தொழில்முறை மேற்பார்வையாளர் ஒருவரும் கட்டாயம் வேண்டும் என்று பயிற்றுநர் வலியுறுத்தினார். அந்த ஏற்பாட்டையும் நிறுவனம் செய்து தரவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் அந்த அம்மையார் தம் சொந்தப் பொறுப்பில் மாதம் ஒரு ஞாயிறு மாலை அவர்களைக் காணொளியில் சந்தித்து வருகிறார். அதற்குக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.