முதுகுப்பக்கம் போய்ப் பார்த்த இதயம்

புத்தகக் கண்காட்சியில் 850 ரூபாய் கொடுத்து அறிவியல் பட அட்டைகள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கினேன். வீட்டுக்காரர், "இதுக்கு ஒரு கிலோ கறி எடுத்திருக்கலாம்" என்றார். கறியும் இந்தக் கதைக்குள் வரும், பொறுங்கள்.

பெட்டியில் 24 அட்டைகள். போனில் அதற்கான செயலியைத் திறந்து கேமராவை அட்டைக்கு நேராகக் காட்டினால், அட்டையில் அச்சாகியிருக்கும் இதயம் எழுந்து நின்று துடிக்கும். 2020 ஊரடங்கில் கூகுளில் புலியைத் தேடி நடுவீட்டில் நிறுத்தி விளையாடினோமே, அந்த வித்தைதான். ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர். என்பார்கள், தமிழில் மிகை மெய்ம்மை. என் பத்தாம் வகுப்புக்கு அது "எந்திரிக்கிற கார்டு". நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் விற்பனைப் பிரதிநிதி பள்ளிக்கூடத்துக்கே வந்து நிற்பார். இதே மாதிரிப் பெட்டிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன, எதை வாங்கினாலும் நான் சொல்வதில் பாதி பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

சுற்றோட்டப் பாடம் நடத்தும்போது வருடம் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "இடது வெண்ட்ரிக்கிள் ஏன் டீச்சர் படத்துல வலது பக்கம் இருக்கு?" வெண்ட்ரிக்கிள் என்பது இதயத்தின் கீழறை. எதிரே நிற்பவருடைய இடது நமக்கு வலது என்று 19 வருடமாகச் சொல்லி வருகிறேன். தலையாட்டுவார்கள். பரீட்சையில் மாற்றிக் குறிப்பார்கள். இந்த முறை அட்டையை மேசை நடுவில் வைத்தேன், பெஞ்சுகளை ஓரம் தள்ளினேன், என் போனைக் கையில் கொடுத்துச் சுற்றி வரச் சொன்னேன். ஒருத்தி அரை வட்டம் நடந்து இதயத்தின் பின்பக்கம் போய் நின்றாள். "டீச்சர், இங்க நின்னா எடது எடது பக்கமே இருக்கு!" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அப்போ எனக்குள்ளயும் இப்படித்தான் நிக்குது" என்றாள். 850 ரூபாயில் 800 அந்த நிமிடமே எனக்குக் கழிந்துவிட்டது.

இன்னொன்றும் பின்பக்கம் போனால்தான் தெரிந்தது. இதயத்தின் நான்கு அறைகளில் பின்னால் தள்ளி இருப்பது இடது ஆரிக்கிள், அதாவது இடது மேலறை. முன்னாலிருந்து பார்த்த படத்தில் அது ஓரத்தில் துளி எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் நுரையீரல் சிரைகள் நான்கும் வந்து சேரும் இடம் அது. கரும்பலகையில் இதை எத்தனையோ விதமாக வரைந்திருக்கிறேன், சரியாக வந்ததே இல்லை.

இதே அட்டையை அடுத்த வாரம் ஹைடெக் லேபில் திரையில் போட்டுக் காட்டினேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கட்டுமே என்று. செத்துப்போன வகுப்பு அது. போனைத் திருப்பியது நான், உட்கார்ந்து பார்த்தது அவர்கள். அது வெறும் வீடியோ. வீடியோ போதும் என்றால் 2018-இல் வந்த புதிய பாடநூலிலிருந்தே பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு இருக்கிறது, காசும் இல்லை. பிள்ளை எழுந்து நடக்காவிட்டால் இந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை.

நடக்க வைப்பதுதான் பெரும்பாடு. மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது. ஆக, என் போன் ஒன்று, 38 பிள்ளைகள், 45 நிமிடப் பாடவேளை. ஆளுக்கு ஒரு நிமிடம் என்று கடிகாரம் பார்த்துக் கொடுத்தேன். இருபதாவது பிள்ளை பார்க்கும்போது கேஸ் ஏஜென்சியிலிருந்து அழைப்பு, இதயத்தை மறைத்துக்கொண்டு. மறுநாள் முதல் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு உருவத்தையும் முதல் தடவை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். அதை முந்தின இரவே வீட்டு வைஃபையில் செய்துவைக்கத் தெரியாமல் ஒரு பீரியட் வீணாய்ப் போனது. பெட்டியின் மேல் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கசக்கிவிடுவார்கள் என்று 24 அட்டைகளையும் லேமினேஷன் செய்தேன். அதோடு பாதி அட்டைகள் எழுந்திருப்பதை நிறுத்திக்கொண்டன. கேமரா தேடுவது படத்தை அல்ல. படத்திலுள்ள முனைகளையும் கறுப்பு வெளுப்பு மாறும் இடங்களையும். அவற்றை வைத்துத்தான் அட்டை எந்தச் சாய்வில் கிடக்கிறது என்று கணக்குப் போட்டு உருவத்தை நிறுத்துகிறது. பளபளக்கும் தாளில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் அந்தப் புள்ளிகள் அடிபட்டுப் போகும். இதய அட்டையில் நரம்பும் கோடுமாக நெருக்கமாக அச்சிட்டிருப்பதால் தப்பித்தது. பூமி அட்டையில் பெரும்பகுதி ஒரே நீலம், அது பிழைக்கவில்லை. வாங்குகிறவர்கள் கெட்டி அட்டையில் ஒட்டுங்கள், லேமினேட் செய்யாதீர்கள்.

சூரியன், பூமி, நிலா மூன்றும் சுழலும் அட்டையை நான் இனித் தொடமாட்டேன். பிறைகளை விளக்கலாம் என்று ஆசையாக எடுத்தேன். பூமிக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோய் நிலாவைப் பார்த்தால் அது எங்கே நின்றாலும் முழுநிலாதான், எல்லாப் பக்கமும் ஒரே பளிச். வெளிச்சம் சூரியனிடமிருந்து வருகிறது என்பது செய்தவர்களுக்கு மறந்துவிட்டது போல. ரப்பர் பந்தையும் டார்ச்சையும் எடுத்துவந்து அந்தப் பாடத்தை முடித்தேன். அளவு அதைவிட மோசம். பூமி ஒன்றரை சென்டிமீட்டர் கோலி என்றால் நிலா அதிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சூரியன் 160 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக, ஏறக்குறைய 175 மீட்டர் தூரத்தில். எங்கள் பள்ளி வாசலில் கோலியை வைத்தால் சூரியன் தபாலாபீஸ் பக்கம் போய்விடும். அட்டையிலோ மூன்றும் ஒரு சாணுக்குள். இதைச் சொல்லிக் கொடுக்காமல் காட்டினால் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள்.

மீத்தேன் மூலக்கூறு அட்டை பரவாயில்லை. புத்தகத்தில் கூட்டல் குறி மாதிரி தட்டையாக இருக்கும் நான்கு ஹைட்ரஜனும் 109.5 பாகைக் கோணத்தில் விலகி நிற்பது சுற்றி வந்தால் நன்றாகவே தெரிகிறது. உருளைக்கிழங்கும் ஈர்க்குச்சியும் வைத்துச் செய்தாலும் தெரியும்தான். மற்ற அட்டைகளில் டைனோசர், எரிமலை, ராக்கெட். வேடிக்கை பார்க்கலாம்.

பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழிப் பிள்ளைக்கு "மூவிதழ் வால்வு" என்று புத்தகத்தில் படித்ததை அந்த எழுத்துகளோடு பொருத்திப் பார்க்கவே அதன் ஒரு நிமிடம் போய்விடுகிறது. பேசும் குரலும் வெளிநாட்டு உச்சரிப்பு. முதல் நாளே அணைத்துவிட்டேன். குறிப்புச் சீட்டில் தமிழ்ப் பெயர்களை எழுதி மேசையைச் சுற்றி ஒட்டினேன்.

இப்போது கறிக்கடை. இதய அட்டை முடிந்த மறுநாள் ஒரு ஆட்டு இதயம் வாங்கிவந்து, நீளவாக்கில் வெட்டி, கையுறை போட்டுத் தொடச் சொன்னேன். வலது வெண்ட்ரிக்கிளின் சுவரையும் இடது வெண்ட்ரிக்கிளின் சுவரையும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்கள். இடது எவ்வளவு தடிப்பு! உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ள வேண்டியது அதுதானே என்று பின் பெஞ்சிலிருந்தே பதில் வந்தது. அட்டையில் அந்தத் தடிப்பு கண்ணில் படவே இல்லை. ஆனால் ஒன்று, மேசையில் கிடந்த ஆட்டு இதயத்தின் முதுகுப்பக்கம் எது என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை. தாங்களே திருப்பி வைத்தார்கள்.

பக்கத்துப் பள்ளி டீச்சர் வாங்கலாமா என்று கேட்டார். பள்ளிக்கு ஒரு பெட்டி போதும், அதுவும் இதயம், மூளை, சிறுநீரகம், மீத்தேன் நான்குக்காக என்றேன். வேண்டுமானால் எங்களுடையதையே எடுத்துக்கொண்டு போகட்டும். சிறுநீரக அட்டை மட்டும் ஒரு மாதமாகக் காணோம், எட்டாம் வகுப்பில் யாரிடமோ இருக்கிறது.